வீட்டுக் கிரைண்டர் செலவா, முதலீடா?

கோயம்புத்தூரில் ஒரே பட்டறையில் செய்யப்பட்ட இரண்டு கிரைண்டர்களில் ஒன்றைக் குடும்பம் ஒன்று தன் சமையலறைக்கும், மற்றொன்றை அதே தெருவில் இட்லி மாவு அரைத்து விற்பவர் தம் கடைக்கும் வாங்கிச் சென்றால், நாட்டு வருமானக் கணக்கில் முன்னது நுகர்வு என்றும் பின்னது முதலீடு என்றும் எழுதப்படும். மோட்டாரும் கல்லும் அரைபடும் அரிசியும் ஒன்றுதான். மாவு விலைக்குப் போகிறதா, வீட்டு அடுப்புக்கே போகிறதா என்பதொன்றே வேறுபாடு. கணக்கெழுதுவோரின் வசதிக்காக ஏற்பட்ட இந்தப் பிரிவினை ஏட்டளவில் நின்றிருந்தால் அதைப் பற்றிப் பேசவேண்டிய தேவை இராது. வரி விதிப்பதிலும் கடன் கொடுப்பதிலும் வறுமையை அளப்பதிலும், தேர்தல் வாக்குறுதிகளைப் பற்றிய வாதங்களிலும்கூட, வீட்டுக்குள் இருக்கும் பொறி செலவுதானேயொழிய மூலதனம் அன்று என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதால்தான் அது ஆராயத்தக்கதாகிறது.

பொருளியலில் இத்தகையவற்றை நீடித்து உழைக்கும் நுகர்பொருட்கள் என்பர். ஐக்கிய நாடுகள் அவை வகுத்த தேசியக் கணக்கு முறைமை, ஓராண்டுக்கு மேல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தக்க வீட்டுப் பொருட்களை இவ்வகையில் சேர்க்கிறது. அமெரிக்காவின் பொருளாதாரக் கணக்கு அலுவலகமோ சராசரியாக மூன்றாண்டுகளாவது உழைக்க வேண்டும் என்கிறது. மின்விசிறி, மிக்ஸி, கட்டில், பீரோ, மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், கார், செல்பேசி ஆகியவை இதில் அடங்கும். அரிசி, எண்ணெய், சோப்பு ஆகியவை அடங்கா. துணிமணிகளும் செருப்பும் நடுவில் நிற்பவை. ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம், ஏசி ஆகியவற்றை வணிகத்தில் வெண்பொருட்கள் என்பதற்கு, ஒரு காலத்தில் அவை வெள்ளை எனாமல் பூச்சுடன் மட்டுமே வந்ததைத் தவிர ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை. இந்தியாவின் தொழில் உற்பத்திக் குறியீட்டில், 2011-12-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரின்படி, நீடித்து உழைக்கும் நுகர்பொருட்களின் எடை 12.84 விழுக்காடு, உணவு, மருந்து, சோப்பு போன்ற நீடிக்காத நுகர்பொருட்களுக்கு 15.33 விழுக்காடு.

சொந்த வீட்டில் குடியிருப்பவர் தமக்குத் தாமே வாடகை கொடுத்துக்கொள்வதாகக் கொண்டு, அந்தத் தொகையை ஆண்டுதோறும் நாட்டு வருமானத்தில் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆகவே வீடு கட்டுவது முதலீடாகிறது. அந்த வீட்டுக்குள் பதினைந்து ஆண்டுகள் ஓடும் ஃபிரிட்ஜுக்கு இந்தச் சலுகை இல்லை. வாங்கிய நாளிலேயே அது முழுதும் தின்று தீர்க்கப்பட்டதாகக் கணக்கு முடிக்கப்படுகிறது. இதற்குப் பின்னால் ஒரு தருக்கம் உண்டு. சமைத்தல், துவைத்தல், பெருக்குதல் என்று குடும்பத்தார் தமக்காகச் செய்துகொள்ளும் வேலைகளைத் தேசியக் கணக்கு உற்பத்தி என்றே ஏற்பதில்லை. உற்பத்தி என்று ஏற்கப்படாத வேலைக்குப் பயன்படும் கருவி மட்டும் மூலதனமாக எப்படி இருக்க முடியும்? வாதத்தில் பிழையில்லை, அதன் அடித்தளத்தில்தான் வழக்கு இருக்கிறது. கணக்கு முறைமையை வகுத்தவர்களுக்கே இதில் முழு நிறைவு இல்லை போலும்; குடும்பங்களிடம் உள்ள இத்தகைய பொருட்களின் மதிப்பைச் சொத்துக் கணக்கோடு சேர்க்காமல், தனிக் குறிப்பாகக் காட்டலாம் என்று அவர்கள் ஒரு வழி விட்டு வைத்திருக்கிறார்கள்.

வறுமையை அளப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் நேரடியாகவே வந்து சேர்கிறது. ஒரு குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தை அதன் செலவைக் கொண்டு மதிப்பிடும்போது, அவ்வாண்டில் மோட்டார் சைக்கிள் வாங்கிய குடும்பம் திடீரென்று வசதி படைத்ததாகவும், அதே வண்டியை ஐந்தாண்டுகளாக ஓட்டிவரும் பக்கத்து வீடு ஏழ்மையானதாகவும் தோன்றும். வாங்கிய விலையை எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பொருள் ஓராண்டில் தரும் பயனின் மதிப்பை, அதாவது தேய்மானத்தையும் அதில் முடங்கிய பணத்தின் வட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஆங்கஸ் டீட்டனும் சல்மான் சைதியும் 2002-ல் உலக வங்கிக்காக எழுதிய வழிகாட்டியில் வலியுறுத்தினர்; டீட்டன் பின்னர் 2015-ல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு, அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினி, மிதிவண்டி போன்றவற்றுக்கு ஒரு மதிப்பைக் கணித்து, அவற்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் இருவகை மதிப்பீடுகளை வெளியிட்டது. அங்கும் பொருள் வந்த ஆண்டுதான் கணக்கில் வருகிறது. உழைக்கும் ஆண்டுகள் வருவதில்லை.

கிரைண்டரைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த விடுபடல் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். ஆட்டுக்கல்லில் குழவி சுழலும், குழிக்கல் நிற்கும். ஒரு கை குழவியைச் சுழற்ற, மறு கை விளிம்புக்கு ஏறும் மாவை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரக் கிரைண்டரில் இந்த ஏற்பாடு தலைகீழாகியது: அடிக்கல்லோடு கூடிய பாத்திரத்தை மோட்டார் சுழற்ற, குழவிக் கற்கள் தம் இடத்திலேயே உருண்டு அரைக்கின்றன; மாவைத் தள்ளும் வேலையை ஒரு பட்டை செய்கிறது. 1955-ல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி இதை உருவாக்கியதாகப் பதிவு உண்டு. பஞ்சாலைகளுக்காகவும் கிணற்றுப் பம்புகளுக்காகவும் வளர்ந்த வார்ப்படத் தொழிலும் மோட்டார் தொழிலும் ஊரிலேயே இருந்ததாலும், ஊத்துக்குளிப் பக்கத்தில் தகுந்த கருங்கல் கிடைத்ததாலும், அங்கே நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் இதைச் செய்யத் தொடங்கின. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' 2005-06-ல் புவிசார் குறியீடும் பெற்றது. இந்தப் பொறி மிச்சப்படுத்தியது பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. ஆட்டுக்கல் முன் அமர்ந்து அவர்கள் செலவிட்ட மணி நேரங்கள் எந்தக் கணக்கிலும் ஏறாதவை; ஆதலால் அவை மிச்சமானதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பிறகு ஃபிரிட்ஜ் வந்து, ஒரு நாள் அரைத்த மாவை நான்கைந்து நாட்கள் வைத்துக்கொள்ள வழிசெய்தபோது, ஒரு பொறியின் பயன் மற்றொன்றால் பெருகியது. பொருளியலார் இவற்றை ஒன்றையொன்று நிறைவு செய்யும் பொருட்கள் என்பர்.

இதே கிரைண்டரின் வரி வரலாறு, அரசுக்கு இது எவ்வகைப் பொருள் என்று முடிவு செய்வதில் இருந்த தடுமாற்றத்தைக் காட்டுகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கல் பொருத்திய கிரைண்டருக்கு 28 விழுக்காடு, அதாவது சொகுசுக் கார்களுக்கு விதிக்கப்பட்ட உச்ச விகிதம். அதே ஆண்டு நவம்பரில் 12. 2019 அக்டோபரில் 5. 2022 ஜூலையில் 18. ஐந்தே ஆண்டுகளில் ஆடம்பரமாகவும் அத்தியாவசியமாகவும் நடுத்தரமாகவும் அது மாறி மாறிக் கருதப்பட்டிருக்கிறது. மாவு அரைக்கும் கல் அவ்வளவு விரைவாகக் குணம் மாறுவதில்லை.

நீடித்து உழைப்பது வாங்குபவருக்கு வரம் என்றாலும், மொத்தப் பொருளாதாரத்துக்கு அது ஒரு நிலையாமையைக் கொண்டுவருகிறது. ஓர் ஊரில் ஆயிரம் ஃபிரிட்ஜுகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் பத்தாண்டுகள் உழைப்பதாகவும், அவற்றின் வயது சீராகப் பரவியிருப்பதாகவும் கொள்ளலாம். ஆண்டுக்கு நூறு ஃபிரிட்ஜுகள் பழுதாகி, அவற்றுக்கு மாற்றாக நூறு விற்கும். ஊரில் வருமானம் உயர்ந்து, புதிதாக ஐம்பது குடும்பங்கள் வாங்க முன்வந்தால் விற்பனை 150 ஆகும். அடுத்த ஆண்டு வருமானம் குறையவில்லை, உயரவுமில்லை என்றால் புதியவர்கள் இல்லை. விற்பனை மூன்றில் ஒரு பங்கு சரிந்து மீண்டும் நூறுக்கு அருகே வந்துவிடும். யாரும் ஏழையாகவில்லை, ஆனால் தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்யும். பழுதாகும் நிலையில் உள்ள ஃபிரிட்ஜின் உரிமையாளர்கள் எல்லாரும் 'காஸ் அடித்து இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவோம்' என்று முடிவு செய்தால் மாற்று விற்பனை அந்த ஆண்டு முழுவதும் நின்றே போகும். ஊரில் ஒரு வீட்டில்கூடப் பால் கெட்டிராது. கையில் உள்ள மொத்த இருப்பில் ஏற்படும் சிறு அசைவு, புதிய விற்பனையில் பன்மடங்காகப் பெருகும் இந்தத் தன்மையை முடுக்கி விதி என்று பொருளியலில் வழங்குவர்.

பெருமந்தக் காலத்து அமெரிக்கா இதற்குச் சான்று. அங்கே 1929-ல் ஏறத்தாழ 53 லட்சம் மோட்டார் வாகனங்கள் உற்பத்தியாயின. 1932-ல் அந்த எண்ணிக்கை சுமார் 13 லட்சம். அமெரிக்கர்கள் உண்பதை அந்த அளவுக்குக் குறைத்துவிடவில்லை. சாலையில் ஓடிய கார்களும் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. பழைய காரையே ஓட்டினார்கள். தலைகீழான ஒரு காட்சி 2020-ல் அரங்கேறியது: பெருந்தொற்றால் உணவகங்களும் பயணங்களும் அடைபட்டபோது, அமெரிக்க அரசு கொடுத்த உதவித்தொகையோடு சேர்ந்து மக்களின் பணம் தொலைக்காட்சி, அறைகலன், உடற்பயிற்சிக் கருவிகள் பக்கம் திரும்பியது, அடுத்த ஆண்டு உலகெங்கும் சில்லுகளுக்கும் கப்பல் பெட்டகங்களுக்கும் தட்டுப்பாடு நேர்ந்ததற்கு இந்தத் திடீர்த் தேவையும் ஒரு காரணம்.

இந்தியாவில் இதைக் கண்கூடாகக் காட்டியது 2025-ன் ஜிஎஸ்டி மாற்றம். தீபாவளிக்குள் வரி குறையும் என்று ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி மன்றம் முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சி, பாத்திரம் கழுவும் இயந்திரம், சிறிய கார், 350 சிசி வரையிலான இருசக்கர வாகனம் ஆகியவற்றுக்கு 28 விழுக்காடாக இருந்த வரி 18 ஆனது. இடைப்பட்ட ஐந்து வாரங்களில் கடைகளில் விலை கேட்டவர்கள் பலர், வாங்கியவர்கள் சிலர். ஆகஸ்டில் கார் நிறுவனங்கள் விற்பனையாளர்களுக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிடக் குறைந்தது. வரி குறையும் என்பதற்காக ஐந்து வாரம் யாரும் அரிசி வாங்காமல் இருப்பதில்லை. ஒத்திப்போட முடிவதே இப்பொருட்களின் முதன்மையான பொருளியல் குணம். ஆகவே நல்ல நோக்கத்துடன் முன்கூட்டிச் செய்யப்படும் அறிவிப்பும் முதலில் விற்பனையைக் கெடுத்துவிட்டுத்தான் பிறகு கூட்டுகிறது.

தமிழ்நாட்டு வணிகர்களுக்கு இந்த ஒத்திப்போடல் புதிதன்று. திருமணங்கள் நடைபெறாத ஆடியில் சீர்வரிசைப் பொருட்களுக்குக் கேட்பு விழுந்துவிடும் என்பதால்தான் ஆடித் தள்ளுபடி பிறந்தது. பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் மணநாளைப் பார்த்து விற்பவை. ஏசிக்குப் பங்குனி வெயில், கேரளத்தில் எல்லாவற்றுக்கும் ஓணம். கிடங்கில் எத்தனை பெட்டிகள் அடுக்குவது என்பதைப் பஞ்சாங்கம் பார்த்து முடிவு செய்யும் தொழில்கள் உலகில் அதிகம் இரா.

விலையை ஒரே நாளில் கொடுத்து, பயனைப் பல ஆண்டுகளில் பெறுவது என்ற இந்த ஏற்பாட்டின் இடைவெளியை நிரப்ப வந்ததுதான் தவணைக் கடன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1919-ல் இதற்கென்றே தனி நிதி நிறுவனம் தொடங்கியது. கடனை வெறுத்த ஹென்றி ஃபோர்டு 1923-ல் வேறொரு வழி கண்டார்: வாரந்தோறும் ஐந்து டாலர் கட்டிவந்து, முழு விலையும் சேர்ந்த பிறகு காரை எடுத்துச் செல்லலாம். நம் ஊரின் பாத்திரச் சீட்டைப் போன்றது இது. வாங்குபவர்கள் காத்திருக்க விரும்பவில்லை; திட்டம் எடுபடவில்லை; 1928-ல் ஃபோர்டு நிறுவனமும் கடனுக்கு இறங்கி வந்தது. பொருளியல் வரலாற்று ஆய்வாளர் மார்த்தா ஓல்னி இதிலிருந்து ஒரு முக்கியமான கண்ணியை எடுத்துக்காட்டினார். அன்றைய ஒப்பந்தங்களின்படி ஒரு தவணை தவறினாலும் பொருளைப் பறிமுதல் செய்துகொள்ளலாம். அதுவரை கட்டியது அத்தனையும் போய்விடும். அதனால் 1930-ல் வருமானம் ஆட்டம் கண்டபோது குடும்பங்கள் தவணையைத் தவறவிடாமல் மற்றச் செலவுகளை வெட்டின. அந்த வெட்டே சரிவை ஆழப்படுத்தியது.

சென்னை இத்துறையில் பழம்பெயர் பெற்ற நகரம். 1954-ல் தொடங்கப்பட்ட சுந்தரம் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் வாடகைக் கொள்முதல் முறையில் பணம் கொடுத்தன. இம்முறையில் கடைசித் தவணை கட்டும்வரை பொருளின் உரிமை நிதி நிறுவனத்திடமே இருக்கும். எடுத்தவர் சட்டப்படி வாடகைக்கு வைத்திருப்பவரே. வீட்டுப் பொருட்களுக்குத் தவணையைப் பரவலாக்கிய கடைகளுள் 1978-ல் எச். வசந்தகுமார் சென்னையில் தொடங்கிய வசந்த் அண்ட் கோவும் ஒன்று. இன்று அந்தப் பழைய தவணையின் இடத்தில் 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' என்ற பலகை நிற்கிறது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. அந்த வட்டியைப் பொருளைச் செய்தவர் ஏற்கிறார். அல்லது பரிசீலனைக் கட்டணமாக வாங்குபவரிடமே வசூலாகிறது. பல இடங்களில் ரொக்கத்துக்கு வாங்குபவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காமல் போகிறது. 'கையில் காசு கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?' என்று கேட்டால் வரும் பதில்தான் அந்த வட்டி.

செய்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் நீடித்த உழைப்பு ஒரு சங்கடம். 1972-ல் ரொனால்ட் கோஸ் எழுதிய சிறு கட்டுரை இதைக் கூர்மையாக எடுத்துரைத்தது. அழியாத பொருளொன்றைச் செய்யும் ஒரே நிறுவனம், போட்டியாளரே இல்லை என்பதால் விருப்பம்போல் விலை வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதிக விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு விற்றபின், மீதமுள்ளவர்களுக்காக விலையைக் குறைத்தே ஆக வேண்டும். இது வாங்குபவர்களுக்கும் தெரியுமாதலால் எல்லாரும் காத்திருப்பார்கள். முடிவில் விலை அடக்க விலைக்கே இறங்கிவிடும். நேற்று தான் விற்ற பொருளே இன்று தனக்குப் போட்டியாக வந்து நிற்கிறது. இதிலிருந்து தப்ப வழிகள் மூன்று. விற்காமல் வாடகைக்கு விடலாம். அமெரிக்காவில் செருப்புத் தைக்கும் பெரும் இயந்திரங்களைச் செய்துவந்த யுனைடெட் ஷூ மெஷினரி அப்படித்தான் செய்து, 1953-ல் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் தீர்ப்புக்குள்ளானது. ஆண்டுதோறும் புது வடிவம் கொண்டுவந்து பழையதை மதிப்பிழக்கச் செய்யலாம்; 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் கையாண்ட உத்தி இது. மூன்றாவது, ஆயுளையே குறைப்பது.

ஆயுள் குறைப்புக்கு எல்லாரும் காட்டும் சான்று ஃபீபஸ் கூட்டணி. 1924 இறுதியில் ஜெனீவாவில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடி, 1,500 முதல் 2,000 மணி நேரம்வரை எரிந்த விளக்குகளின் ஆயுளை 1,000 மணி நேரமாக வரையறுத்தன. அதைவிட நீண்ட நேரம் எரியும் விளக்கைச் செய்த உறுப்பினருக்கு அபராதம் உண்டு. நீண்ட நாள் எரியும் இழை மங்கலாக எரிந்து கூடுதல் மின்சாரத்தைத் தின்னும் என்று நிறுவனங்கள் சொன்ன விளக்கத்தில் தொழில்நுட்ப உண்மை இல்லாமலில்லை. ஆனால் உண்மையான காரணம் அதுவாக மட்டும் இருந்திருந்தால் அபராதத்துக்குத் தேவை என்ன? இன்றைய பொருட்களில் ஆயுள் குறைப்புக்கு ஒப்பந்தம் தேவைப்படுவதில்லை. பழைய கிரைண்டர் நின்றால் பெல்ட் மாற்றியோ, மோட்டாருக்குக் காயில் கட்டியோ ஓட வைத்துவிடலாம். இரண்டுக்கும் தெருமுனையில் ஆள் உண்டு. புதிய சலவை இயந்திரமோ இன்வெர்ட்டர் ஏசியோ நின்றால் மெக்கானிக் திறந்து பார்த்து 'போர்டு போயிடுச்சு' என்பார். அந்த மின்னணுப் பலகையின் விலையைக் கேட்டபின், புதிதே வாங்கிவிடலாம் என்ற முடிவுக்குக் குடும்பம் வந்துவிடும். செல்பேசியில் ஒட்டி மூடப்பட்ட பேட்டரியும் நின்றுபோகும் மென்பொருள் புதுப்பிப்பும் இதே வேலையைச் செய்கின்றன. பிரான்சு 2021 முதல், சில பொருட்களைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு மதிப்பெண் அச்சிட்டு விற்க வேண்டும் என்று விதித்தது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. உதிரிபாகத்தின் விலை கட்டுக்குள் வராதவரை, இணையதளத்தில் கிடைக்கும் கையேட்டால் ஆகக்கூடியது கொஞ்சமே.

பழைய பொருள் சந்தையும் நீடிப்பின் பிள்ளைதான்; தின்று தீரும் பண்டத்துக்கு இரண்டாம் கை கிடையாது. 1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்களை வைத்து எழுதிய கட்டுரை, விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே குலைந்துபோகலாம் என்று காட்டி, 2001-ல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது. குறை இருக்கக்கூடும் என்று அஞ்சி எல்லாரும் விலையைக் குறைத்தே கேட்பர். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் எஞ்சுவது ஓட்டை வண்டிகளே. தமிழ்நாட்டில் 'கன்சல்டிங்' என்று பலகை மாட்டிய பழைய வண்டிக் கடைகள் தழைப்பதற்கும், நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லாமல் யாரும் அங்கே போகாததற்கும் இந்த அறியாமையே காரணம். இந்திய வரலாற்றில் இதற்கு நேர்மாறான ஒரு காலமும் உண்டு. உரிமக் கட்டுப்பாட்டால் உற்பத்தி முடக்கப்பட்டிருந்த ஆண்டுகளில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆதலால் உடனே கிடைக்கும் பழைய ஸ்கூட்டர் புதியதைவிடக் கூடுதல் விலைக்குப் போயிற்று. தேய்ந்த பொருள் தேயாததைவிட விலை கூடியதாக இருப்பது, எங்கோ அரசாணை ஒன்று குறுக்கே நிற்கிறது என்பதற்கு அடையாளம்.

அரசே இப்பொருட்களை வீடுதோறும் கொடுத்த அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. 2006-ல் திமுக அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கி, 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தது. 2011-ல் வந்த அதிமுக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றையும் கொடுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியக் குடும்பங்களில் சுமார் 47 விழுக்காட்டிடம் தொலைக்காட்சி இருந்தது. தமிழ்நாட்டில் 87 விழுக்காட்டிடம். இலவசங்களுக்கு எதிரான வழக்கில், தேர்தல் அறிக்கையில் இத்தகைய வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, வழிகாட்டு நெறிகள் வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. இந்த விவாதத்தில் தொலைக்காட்சியும் கிரைண்டரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டது பொருத்தமில்லை. ஒன்று பொழுதுபோக்கும் செய்தியும் தருவது. மற்றொன்று நாள்தோறும் ஒரு பெண்ணின் உழைப்பைக் குறைப்பது. விதை கொடுத்தால் முதலீடு, கிரைண்டர் கொடுத்தால் வீண்செலவு என்று கறாராகப் பிரிப்பவர்கள், தொடக்கத்தில் கண்ட அந்தக் கணக்கேட்டு வழக்கத்தைத் தம்மையறியாமல் பின்பற்றுகிறார்கள். இத்திட்டங்களின் மேல் சொல்லத்தக்க குறை வேறு: பொறி வந்த 2012-ல் மாநிலத்தின் பல ஊர்களில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. அரைக்கக் கிரைண்டர் இருந்தும் அரைப்பதற்கு நேரம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. வசதி உள்ளவர்கள் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினர்.

மின்சாரத்தைத் தவிர்த்து இன்றைய வீட்டுப் பொருட்களின் கணக்கை முடிக்க முடியாது. ஏசியின் விலை என்பது கடையில் கொடுப்பது மட்டுமன்று. அதன் ஆயுள் முழுவதும் மின்கட்டணமாகக் கொடுப்பதும் சேர்ந்ததே. 1979-ல் ஜெர்ரி ஹவுஸ்மன் அமெரிக்கக் குடும்பங்கள் ஏசி வாங்கிய விதத்தை ஆராய்ந்தபோது, எதிர்காலத்தில் மிச்சமாகப்போகும் மின்கட்டணத்தை அவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு கழித்தே மதிப்பிட்டதாகத் தெரிந்தது. அதாவது, இன்று ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் ஆண்டுதோறும் இருநூறு ரூபாய்க்கு மேல் மிச்சமாக வேண்டும், இல்லையேல் மலிவான பொறியே போதும் என்பதே அவர்களின் கணக்கு. வங்கி வைப்புக்கு அந்த வட்டி சாதாரணமாகக் கிடைக்காது. இதைச் சரிசெய்யவே இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகம் 2006-ல் நட்சத்திரக் குறியீட்டைக் கொண்டுவந்து, 2010-ல் உறைபனி படியாத ஃபிரிட்ஜுக்கும் வீட்டு ஏசிக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், முன்பு ஐந்து நட்சத்திரம் பெற்ற மாதிரி சில ஆண்டுகளில் நான்குக்கோ மூன்றுக்கோ இறங்கிவிடும்; கடையில் பழைய இருப்பை வாங்குபவர் குறியீட்டில் உள்ள ஆண்டையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே உயர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரே ஏசிக்கு ஐந்து நட்சத்திரம் வாங்குவது ஒரு வீட்டுக்கு ஆதாயமாகவும், எப்படியும் 500-க்குள் நிற்கும் அடுத்த வீட்டுக்கு அவ்வளவாகப் பயனில்லாததாகவும் இருக்கலாம். வாடகை வீட்டில் இன்னொரு சிக்கல்: பொறியை வாங்கிப் பொருத்துபவர் வீட்டுக்காரர், மீட்டருக்குப் பணம் கட்டுபவர் குடியிருப்பவர். வாங்குபவருக்கு மின்கட்டணத்தில் அக்கறை இல்லாத அத்தகைய இடங்களில் எந்தக் குறியீடும் உதவாது. கட்டாயப் பட்டியலில் உள்ள பொருட்களில் ஒரு நட்சத்திரத்தைக்கூட எட்டாத மாதிரியை விற்கவே கூடாது என்ற விதிதான் அங்கே வேலை செய்கிறது.